ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளை எங்கள் கழகத்துக்கு வர விரும்புகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

உப்புவெளிச்_செயலாளர்
சரி, சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் ஒரு சின்ன இளைஞர் கழகத்துக்கு நான் செயலாளர். சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு 8 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கும். உதைபந்து, எல்லே, மழை வந்தால் சனசமூக நிலையத்துக்குள் கரம். முப்பது பேர் அளவில் வருவார்கள். போன கிழமை ஒரு அம்மா வேலியோரம் வெகுநேரமாக நின்றார். கிட்டப் போய்க் கேட்டபோது சொன்னார், மகனுக்கு 11 வயது, ஓட்டிசம், பேச்சு ஒன்றிரண்டு சொல்தான், ஆனால் சனிக்கிழமைகளில் எங்கள் மைதானத்துச் சத்தம் கேட்டால் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறானாம். "தம்பி, ஒரு நாளைக்காவது உள்ளே விடுவீர்களா?" என்று கேட்டார். நான் உடனே "வாங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டேன். இரவு நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், மிச்சப் பேர் போனைப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் சமாதானம் சொல்வது மாதிரி, சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் "இப்படியான பிள்ளைகளுக்கு" தனியாக ஒரு நிகழ்ச்சி வைத்து எல்லோருக்கும் பரிசு கொடுத்துவிடலாம் என்றார். விழாவுக்கு இன்னும் 6 கிழமை இருக்கிறது. எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை, ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று ஒழுங்காகச் சொல்லவும் தெரியவில்லை. இப்படிப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

லிங்கநகர்க்_காற்று
நல்ல மனசு தம்பி. அந்தத் தனி நிகழ்ச்சி யோசனையில் என்ன பிழை? பிள்ளைக்கும் சந்தோசம், பார்க்கிறவர்களுக்கும் சந்தோசம்.

வேலியோரத்து_அம்மா
அந்தச் செய்தியில் வரும் அம்மா நான் இல்லை, ஆனால் நானும் இப்படித்தான் பல வேலிகளுக்கு வெளியே நின்றிருக்கிறேன். என் மகனுக்கு இப்போது 16. அவனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரு கழகம் "விசேட தேவையுடைய சிறுவர்களுக்கான ஓட்டம்" வைத்தது. ஏழு பிள்ளைகள். ஒருவன் சக்கர நாற்காலி, ஒருத்திக்குக் காது கேளாது, என் மகனுக்கு ஓட்டிசம், மற்றவர்களுக்கு என்னவென்றே எனக்குத் தெரியாது. இந்த ஏழு பேரையும் எந்தக் கணக்கில் ஒரே கோட்டில் நிறுத்தினார்கள்? என் மகன் ஓடவே இல்லை, ஒலிபெருக்கிக்குப் பயந்து காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டான். அப்படியிருந்தும் கைதட்டினார்கள், கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்தார்கள், பிரமுகர் ஒருவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார். அன்று இரவே அந்தப் படம் பேஸ்புக்கில் வந்தது. கழகத்தின் பெரிய மனசைப் பற்றி நானூறு கருத்து. யாரும் என்னிடம் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவனைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது "அக்கா, இது மற்றப் பிள்ளைகளுக்கு" என்று வாசலிலேயே சொன்னார்கள். அந்த வாளி இன்னும் வீட்டில் இருக்கிறது, உடுப்பு ஊறப்போடுகிறேன்.

தம்பி, உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். அந்தப் பிள்ளை சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவது சனிக்கிழமைக்காக. வருடத்தில் ஒரு நாளுக்காக இல்லை.

கணக்குப்புத்தகம்
நான் செயலாளரின் கழகத்தில்தான் பொருளாளர். தம்பி எங்கள் வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று இப்போதுதான் பார்த்தேன், பரவாயில்லை. வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேரில் நான் ஒருவன். என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்க முதல் இதைக் கேளுங்கள்.

எங்கள் மைதானத்திலிருந்து கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி. ஒரு பக்கம் வேலி இல்லை. முப்பது பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் என்று மூன்று பேர் நிற்போம், அதில் ஒருவர் எப்போதும் பிந்தித்தான் வருவார். யாரும் சம்பளம் வாங்குவதில்லை, பயிற்சி எடுத்ததில்லை. அந்தப் பிள்ளை ஓடிப்போய்க் கடலில் இறங்கினால் யார் பதில் சொல்வது? 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் பிள்ளையைத் தேடி அலைவது என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. "வாங்கோ அக்கா" என்று சொல்வது லேசு.

விசேட_கல்வி_ரீச்சர்
பொருளாளர் அண்ணாவின் கேள்வி நல்ல கேள்வி, அதைத் தள்ளிவிட்டு யாரும் மேலே போக வேண்டாம். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரைத் தண்ணீர் இழுக்கும், சொல்லாமல் கொள்ளாமல் இருந்த இடத்தை விட்டுப் போவதும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. அதனால் முதல் வேலை, வேலி இல்லாத அந்தப் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், கையில் போன் இல்லாமல். உண்மையைச் சொன்னால், இரண்டு ஒழுங்கை தள்ளிக் கடல் இருக்கிற மைதானத்தில் இது இந்தப் பிள்ளை வருவதற்கு முதலே இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு.

நான் பாடசாலை ஒன்றின் விசேட கல்விப் பிரிவில் 14 வருடமாகப் படிப்பிக்கிறேன். எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் எழுதுகிறேன், நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை நேரே முப்பது பேருக்குள் கொண்டுவந்து விடாதீர்கள். வியாழன், வெள்ளி என்று மைதானம் சும்மா கிடக்கும் ஒரு பின்னேரம் அம்மாவோடு வரட்டும். கோல் கம்பத்தைத் தொடட்டும், தண்ணீர்க் குழாய் எங்கே, நிழல் எங்கே, வாசல் எங்கே என்று பார்க்கட்டும். நீங்களும் போய் ஒரு பந்தோடு சும்மா நில்லுங்கள். அங்கேயே போனில் ஐந்து படம் எடுங்கள்: சப்பாத்து, கோன்களைச் சுற்றி ஓடுதல், பந்து, தண்ணீர், வீடு. இந்த ஒழுங்கில் அம்மா அதை வீட்டில் காட்டுவார். அடுத்தது என்ன என்று தெரியாததுதான் இந்தப் பிள்ளைகளை வாட்டும். தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

விசில். அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். எங்களுக்குச் சாதாரணமாகக் கேட்பது சில பிள்ளைகளுக்குக் காதுக்குள் ஊசி குத்துவது போல இருக்கும். ஒரு நிறக் கொடியை உயர்த்துங்கள், முப்பது பேரும் அதைப் பார்த்து நிற்கப் பழகிவிடுவார்கள். அப்புறம் வரிசை. முப்பது பேரை ஒரே வரிசையில் விட்டால் ஒரு பிள்ளை ஒரு தடவை பந்தைத் தொட பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாக் குழப்பமும் வரும், இது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். ஐந்து ஐந்து பேராக ஆறு வரிசை போடுங்கள்.

பேசும்போது பெயரைச் சொல்லி, ஒரு சின்ன வசனம். "ஓடாதே" என்பதை விட "நில்" நல்லது, செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாங்கள் இரண்டாவது விநாடியிலேயே திரும்பச் சொல்கிறோம், அவன் முதலாவதை விளங்கிக்கொண்டு வரும்போது இரண்டாவது வந்து விழுகிறது, பிறகு மூன்றாவது பேர் வந்து வேறு விதமாகச் சொல்கிறார்.

நிலத்தில் விழுந்து கத்தினால் அதை அடம் என்று நினைக்க வேண்டாம். அடம் பிடிக்கிற பிள்ளை நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். சத்தமும் வெயிலும் கூட்டமும் தலைக்கு மேலே போன பிள்ளை யாரையும் பார்க்காது. சுற்றி நின்று பார்க்கக் கூடாது, பிடித்து இழுக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. மற்றப் பிள்ளைகளைத் தள்ளிக் கொண்டுபோங்கள், பழகிய ஒருவர் மட்டும் பக்கத்தில் பேசாமல் இருக்கட்டும். அது வருவதற்கு முதல் என்ன அடையாளம் காட்டுவான் என்று அம்மாவிடமே கேளுங்கள், அந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்தையும் விட அவர் நன்றாகப் பதில் சொல்வார்.

முதல் நாள் இருபது நிமிடம் போதும். நன்றாகப் போகும்போதே நிறுத்தி அனுப்புங்கள்.

சட்டப்பிரிவு
எல்லோரும் மனசு மனசு என்று பேசுகிறீர்கள், இது உரிமை. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30ஆம் உறுப்புரையில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பங்குபற்ற இடமளிக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. நம் நாட்டுச் சட்டம் என்றால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அது முக்கியமாக வேலை, கல்வி நிறுவன அனுமதி, பொது இடங்களுக்குள் போய்வருவது பற்றிப் பேசுகிறது.

கணக்குப்புத்தகம்
சட்டம் எனக்கு வேலி அடித்துத் தருமா? ரீச்சர் சொன்னதில் எனக்கு வேலை இருக்கிறது, உங்கள் உறுப்புரையில் எனக்கு என்ன வேலை?

சட்டப்பிரிவு
பிரதேச செயலகத்துக்கு வேலி கேட்டுக் கடிதம் எழுதும்போது அந்த உறுப்புரையைப் போட்டு எழுதுங்கள், அதுதான் வேலை. சமூக சேவை உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

மூதூர்_இடதுகை
எனக்கு 27 வயது. பிறக்கும்போதே மூளை முடக்குவாதம், வலது பக்கம் இழுப்பு, பேச்சு கொஞ்சம் குழறும், மற்றதெல்லாம் சரி. பாடசாலையிலும் கழகத்திலும் எனக்கு எப்போதும் ஒரே வேலைதான், ஸ்கோர் எழுதுவது. ஒன்பது வருடம் எழுதினேன். எல்லோரும் நல்லவர்கள், யாரும் கேலி செய்யவில்லை, தேநீர் முதலில் எனக்குத்தான் தருவார்கள். ஒருவர் கூட "உனக்கு பந்து போடட்டுமா?" என்று கேட்கவில்லை. அந்தப் பதினொரு வயதுப் பிள்ளைக்கும் இப்படி ஒரு கௌரவமான மூலையைக் கண்டுபிடித்துவிடாதீர்கள். தண்ணீர்ப் போத்தல் பொறுப்பு, கொடி பிடிக்கும் பொறுப்பு, இதெல்லாம் முறை வைத்து எல்லோரும் செய்யட்டும், அவனும் செய்யட்டும்.

இன்னொன்று. போச்சியா என்று ஒரு விளையாட்டு இருக்கிறது, என்னைப் போன்றவர்களுக்காகவே வந்தது, 1984இலிருந்து பராலிம்பிக்ஸில் இருக்கிறது. ஒரு வெள்ளைப் பந்து, ஆறு சிவப்பு, ஆறு நீலம். உட்கார்ந்துகொண்டு உருட்டியோ எறிந்தோ வெள்ளைப் பந்துக்கு யார் கிட்டப் போகிறார்களோ அவருக்குப் புள்ளி. போளை அடித்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. விலைகொடுத்துப் பந்து வாங்க வேண்டாம், பழைய சொக்ஸுக்குள் மணலைப் போட்டு முடிந்து நிறத்துணி சுற்றினால் சரி. நாங்கள் மூதூரில் பின்னேரங்களில் அப்படித்தான் விளையாடுகிறோம். நடக்கிற, ஓடுகிற பெடியன்களும் கதிரையில் உட்கார்ந்துதான் எறிய வேண்டும் என்பது எங்கள் விதி. முதல் ஒரு மாதம் ஒருவரும் என்னை வெல்லவில்லை.

லிங்கநகர்க்_காற்று
பராலிம்பிக்ஸ், ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இரண்டும் ஒன்றுதானே?

விசேட_கல்வி_ரீச்சர்
இல்லை. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் 1968இல் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் தொடங்கியது, இலங்கையிலும் இயங்குகிறது. எட்டு வயதிலிருந்து போட்டியிடலாம். அவர்களிடம் "யூனிஃபைட்" என்று ஒரு முறை இருக்கிறது, குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அணியில். ஐந்து பேர் உதைபந்து என்றால் மூன்று பேர் குறைபாடு உள்ளவர்கள், இரண்டு பேர் இல்லாதவர்கள். உங்கள் விழாவுக்கு அந்தக் கணக்கை அப்படியே எடுக்கத் தேவையில்லை, ஒரே ஜேர்சி என்பதை எடுத்துக்கொள்ளலாம்.

கிண்ணியா_வாப்பா
என் மகளுக்கு வலிப்பு. இப்படிப் பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் சேர்ந்து இருக்கும், அதனால் கழகக்காரர் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை திடலில் விழுந்துவிட்டாள். எங்கிருந்தோ பத்துப் பேர் வந்து, ஒருவர் கையில் திறப்புக்கோர்வையைத் திணிக்கிறார், ஒருவர் கரண்டியை வாய்க்குள் வைக்கப் பார்க்கிறார், ஒருவர் காலைப் பிடித்து அமுக்குகிறார். இரும்பு எதையும் நிறுத்தாது. தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் எதுவும் வேண்டாம், அமுக்க வேண்டாம், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது முழிப்பு வராமலே இரண்டாவது தடவை வந்தால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். முழுசாகத் தெளியும்வரை தண்ணீர் பருக்கக் கூடாது. சில வலிப்பு மருந்து வியர்வையைக் குறைக்கும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நாலரை வெயில் கூட அந்தப் பிள்ளைகளுக்கு அதிகம், ஐந்தரைக்குத் தள்ளுங்கள்.

இவ்வளவுதான் செய்ய இருக்கிறது, இதற்காக என் பிள்ளையை ஆறு மாதம் வீட்டில் வைத்திருந்தார்கள். வைத்திருந்தார்கள் என்ன, நானும்தான் வைத்திருந்தேன்.

பாலையூற்று_அம்மா
எல்லோரும் மகன் மகன் என்று எழுதுகிறீர்கள். எனக்கு மகள், 14 வயது, டவுண் சின்ட்ரோம். கழகம் என்றால் நான் முதலில் கேட்பது பந்தைப் பற்றி இல்லை. கழிவறை இருக்கிறதா, கதவுக்குக் கொக்கி இருக்கிறதா, பொறுப்பான பெண் ஒருவர் நிற்பாரா? ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக ஒரு அறைக்குள் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள். இது என் மகளுக்கு மட்டுமான விதி இல்லை. ஏதாவது பிழையாகத் தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு உதவி எண் 1929, அந்த எண்ணை மைதானச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், எழுத மறுக்கிற கழகத்துக்கு நான் அனுப்ப மாட்டேன்.

இவள் சின்ன வயதில் யாரைக் கண்டாலும் கட்டிப்பிடிப்பாள். எல்லோரும் அழகு, பாசம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். இப்போது கைகொடுக்கப் பழக்குகிறேன். தயவுசெய்து நீங்களும் கையை மட்டும் கொடுங்கள். மருத்துவ விஷயம் ஒன்று: டவுண் சின்ட்ரோம் பிள்ளைகளில் பாதிப் பேர் அளவில் பிறவியிலேயே இதயத்தில் குறையோடு பிறக்கிறார்கள், சிலருக்குக் கழுத்து மூட்டு தளர்வாக இருக்கும். டொக்டரைக் கேட்காமல் குட்டிக்கரணம், தலையால் பந்து அடிப்பது வேண்டாம். மற்றபடி இவள் கிளித்தட்டில் கிளியாக நின்றால் ஒருவரையும் தாண்ட விடமாட்டாள், கோட்டை விட்டு ஒரு அங்குலம் விலகமாட்டாள். விதி என்றால் இவளுக்கு விதிதான்.

உப்புவெளிச்_செயலாளர்
எல்லோருக்கும் நன்றி, குழு வட்ஸ்அப்பில் இதைப் பகிர்ந்திருக்கிறேன். ரீச்சர், மற்றப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கூட்டம் வைத்து விளக்க வேண்டுமா? அம்மா முழு நேரமும் நிற்க வேண்டுமா?

விசேட_கல்வி_ரீச்சர்
கூட்டம் வைத்துச் சொற்பொழிவு வேண்டாம், அவன் வர முதலே அவனை ஒரு காட்சிப் பொருளாக்கிவிடும். பிள்ளைகள் கேட்கும்போது இரண்டு வசனத்தில் உண்மையைச் சொல்லுங்கள். துணைக்கு இரண்டு பிள்ளைகளைக் கிழமைக்குக் கிழமை மாற்றிப் போடுங்கள், எப்போதும் ஒரே நல்ல பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள், அவனுக்கும் விளையாட ஆசை இருக்கும். அம்மா முதல் சில கிழமை நிற்கட்டும், பிறகு கடைக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள். பதினொரு வருடத்தில் சனிக்கிழமை பின்னேரம் தனியாக ஒரு தேநீர் குடித்திருப்பாரோ தெரியாது.

உப்புவெளிச்_செயலாளர்
நாலு கிழமைக்குப் பிறகு வருகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை வெறும் மைதானத்துக்கு வந்தான். நாற்பது நிமிடமும் கோல் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான், பந்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. போகும்போது மட்டும் காலால் ஒரு தட்டு.

முதல் சனி முழுத் தோல்வி. பிழை என்னுடையது. கொடி வாங்கி, படம் எடுத்து, வரிசை பிரித்து, எல்லாம் செய்துவிட்டு, இரண்டு பெடியன்கள் சண்டை பிடித்ததும் பழக்கத்தில் விசிலை ஊதிவிட்டேன். காதைப் பொத்திக்கொண்டு ஓடினான், கடல் பக்கமாகத்தான் ஓடினான். அந்தப் பக்கம் பொருளாளர் நின்றார். அவர் பிடிக்கவில்லை, இரண்டு கையையும் விரித்து வழியை மறித்து நிலத்தில் குந்திவிட்டார், அவனும் சற்றுத் தள்ளிக் குந்திவிட்டான். அம்மா வந்து கூட்டிப்போகும்வரை இரண்டு பேரும் அப்படியே. ஆறு நிமிடம் நடந்த பயிற்சி அது. அந்த விசிலை அன்றே கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இரண்டாம் சனி பதினைந்து நிமிடம். மூன்றாம் சனி நாற்பது. அவன் முறை வரும்போது பந்தை உதைக்கிறான், ஆனால் எப்போதும் தண்ணீர்க் குழாய் இருக்கும் திசைக்கு. கோலை அந்தப் பக்கம் மாற்றிப் போட்டோம், வேறு என்ன செய்வது. ஒன்பது வயதுக்காரன் ஒருவன் "இவன் ஏன் கதைக்கிறான் இல்லை?" என்று கேட்டான். "சொல் வர நேரம் எடுக்கும், பந்தைக் காட்டினால் அவனுக்கு விளங்கும்" என்றேன். "சரி" என்று ஓடிவிட்டான், அவ்வளவுதான். பெரியவர்கள் அப்படி இல்லை. ஒரு அப்பா இது தொற்றுமா என்று கேட்டார், தொற்றாது என்றதும் தலையாட்டிவிட்டு அடுத்த கிழமையிலிருந்து தன் பிள்ளையை அனுப்பவில்லை. அந்தப் பிள்ளை நல்ல கோல்காப்பாளர். வீட்டுக்குப் போய்க் கதைத்தேன், இன்னும் வரவில்லை.

விழாவில் தனி நிகழ்ச்சி இல்லை என்று முடிவாகிவிட்டது. அணிகளுக்கான அஞ்சலோட்டத்தில் நாலு பேரில் ஒருவனாக ஓடுவான். முதல் அரை மணி நேரத்துக்கு ஒலிபெருக்கி இல்லாமல் நடத்துவதற்கு அறிவிப்பாளர் இன்னும் சம்மதிக்கவில்லை, மைக் இல்லாமல் என்ன விழா என்று கேட்கிறார். நேற்று அம்மா முதல் தடவையாக மைதானத்தை விட்டு வெளியே போனார். பாண் வாங்கிக்கொண்டு ஏழு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார்.

வேலியோரத்து_அம்மா
ஏழு நிமிடமா? எனக்கு முதல் தடவை மூன்று.

கணக்குப்புத்தகம்
செயலாளர், இதை இங்கே எழுத நேரம் இருக்கிறது, என் செய்திக்குப் பதில் போட நேரம் இல்லை. வெள்ளிக்கிழமை ஜேர்சி அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அவனுக்கு என்ன அளவு என்று அம்மாவிடம் கேட்டுச் சொல். கழுத்துக்குப் பின்னால் இருக்கிற லேபலை வெட்டிவிடச் சொல்லியிருக்கிறேன், அது குத்தினால் கழற்றி எறிந்துவிடுவானாம். அப்புறம் அங்கத்துவச் சந்தா மாதம் 50 ரூபா, அவன் பெயரில் இரண்டு மாதம் நிலுவை நிற்கிறது. அம்மாவிடம் கேட்க உனக்குக் கூச்சமாக இருந்தால் நான் கேட்கிறேன்.